ஆயிரம் கெஜம் தாண்டிய இலக்கு: ரைபிள் ஸ்கோப் வாங்குமுன் பார்க்க வேண்டியவை

துப்பாக்கி சுடுதல் என்றதும் மலேசிய, சிங்கப்பூர் வாசகர்களுக்கு நினைவுக்கு வருபவை ஒலிம்பிக், காமன்வெல்த் போட்டிகள்தான். 2012ல் எட்டு மாதக் கர்ப்பிணியாக லண்டன் ஒலிம்பிக்கின் 10 மீட்டர் ஏர் ரைபிள் பிரிவில் களமிறங்கிய மலேசியாவின் நூர் சுர்யானி தைபியைப் பலரும் மறந்திருக்க மாட்டார்கள். கடலூரில் பிறந்து குஜராத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன் பெயர் வாங்கியதும் அதே 10 மீட்டர் பிரிவில்தான். இவர்கள் யாரும் ஸ்கோப் வைத்துச் சுடுவதில்லை. ஒலிம்பிக் ரைபிள் போட்டிகளில் அதற்கு இடமில்லை. சிறு துளை வழியே பார்த்துக் குறிவைப்பதே அங்குள்ள முறை.

ஸ்கோப் பொருத்தி நெடுந்தூரம் சுடும் விளையாட்டு வேறு உலகம். இங்கிலாந்தின் பிஸ்லி, அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்திலுள்ள கேம்ப் பெர்ரி, ஆஸ்திரேலியாவில் பிரிஸ்பனை அடுத்த பெல்மொன்ட் போன்ற பரந்த சுடுதளங்களில்தான் அது வளர்ந்தது. நம் ஊர்களில் அதற்கு இடமும் இல்லை, சட்டமும் இலகுவாக இல்லை. ஆனால் படிப்புக்காகவோ வேலைக்காகவோ ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, பிரிட்டன் என்று போய்க் குடியேறியவர்களுக்கு இது எட்டாத ஒன்றல்ல. அங்கெல்லாம் உரிமம் பெற்று, கிளப்பில் உறுப்பினராகி, வார இறுதியில் சுடப் போவது சாதாரணமான பொழுதுபோக்கு. அப்படிப் புதிதாகச் சேர்பவர் முதலில் தடுமாறும் இடம் ரைபிள் அல்ல, அதன் மேல் பொருத்தும் ஸ்கோப். தரமான ஸ்கோப்பின் விலை ரைபிளின் விலையைத் தொடும்; பல சமயம் தாண்டிவிடும். தவறாக வாங்கினால் நட்டம் சிறிதல்ல.

பிஸ்லி பெரிய பெயர். 1859ல் தொடங்கப்பட்ட பிரிட்டனின் தேசிய ரைபிள் சங்கம், விம்பிள்டனில் நடத்திவந்த போட்டிகளை 1890ல் அங்கு மாற்றியது. அங்குள்ள ஸ்டிக்கிள்டவுன் சுடுதளத்தில் 1,200 கெஜம் வரை சுடலாம். அங்கு நடக்கும் புகழ்பெற்ற அரச பரிசுப் போட்டியும், அதே மரபில் 2018 கோல்ட் கோஸ்ட் காமன்வெல்த் போட்டிகளின்போது பெல்மொன்டில் நடந்த ஃபுல்போர் போட்டியும் ஸ்கோப் இல்லாதவை. ஸ்கோப்புக்கு வழி திறந்தவர் கனடாவைச் சேர்ந்த ஜார்ஜ் ஃபார்குவர்சன். வயதாகிக் கண்பார்வை மங்கிய வீரர்களும் தொடர்ந்து சுட வேண்டும் என்பதற்காக, ஸ்கோப்பும் தாங்கியும் அனுமதிக்கும் ஒரு பிரிவை அவர் முன்வைத்தார். அவர் பெயரின் முதலெழுத்தே ‘எஃப் கிளாஸ்’ என்று நிலைத்துவிட்டது. முதியவர்களுக்கான சலுகையாகத் தொடங்கியது இன்று உலகப் போட்டிகள் நடக்கும் தனி விளையாட்டு.

<b>எந்தப் போட்டி என்பதே முதல் கேள்வி</b>

கடைக்குப் போகுமுன் எதைச் சுடப் போகிறோம் என்பது தெளிவாக இருக்க வேண்டும். எஃப் கிளாஸில் தூரம் முன்கூட்டியே தெரியும். படுத்த நிலையில், ஒரே காகித இலக்கை நோக்கி, ஒரே தூரத்திலிருந்து சுற்று முழுவதும் சுடுவார்கள். இதில் ‘எஃப் ஓப்பன்’ பிரிவில் 8 மில்லிமீட்டர் வரை எந்த அளவுக் குழலும் செல்லும். ஸ்கோப்பையும் சேர்த்து ரைபிளின் எடை 10 கிலோவைத் தாண்டக் கூடாது. ‘எஃப் டிஆர்’ பிரிவில் .223 ரெமிங்டன், .308 வின்செஸ்டர் ஆகிய இரண்டு தோட்டா வகைகளுக்கு மட்டுமே அனுமதி. எடை வரம்பு 8.25 கிலோ. முன்னங்கால் தாங்கியின் எடையும் இதற்குள் அடங்கும். ஆகவே எஃப் டிஆர் போட்டியாளர் ஸ்கோப்பின் எடையைக் கிராம் கணக்கில் பார்ப்பது கஞ்சத்தனம் அல்ல. ஒரு கிலோவுக்கு மேல் எடையுள்ள ஸ்கோப்பை வாங்கிவிட்டு, அதை ஈடுகட்ட ரைபிள் கட்டையைச் செதுக்கியவர்கள் உண்டு.

அமெரிக்காவில் பரவி இப்போது பல நாடுகளிலும் நடக்கும் ‘பிரிசிஷன் ரைபிள்’ போட்டிகள் முற்றிலும் வேறானவை. பல தூரங்களில் எஃகுத் தட்டுகளை வைத்திருப்பார்கள். ஒன்றரை, இரண்டு நிமிடத்துக்குள் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவ வேண்டும். இடையிடையே உடல் நிலையையும் மாற்ற வேண்டும். அங்கு ஒவ்வொரு தட்டுக்கும் புதிதாகக் குறியைத் திருத்த வேண்டும். எஃப் கிளாஸுக்கு மிகச் சிறந்த ஸ்கோப் இந்தப் போட்டியில் கையைக் கட்டிப் போடும். இதற்கு உகந்தது அங்கே இரண்டாம் தரம். “நல்ல ஸ்கோப் எது?” என்ற கேள்விக்குப் பொதுவான பதில் இல்லாததற்கு இதுதான் காரணம்.

<b>தொலைநோக்கி அல்ல, அளவுகோல்</b>

புதிதாக வாங்குவோர் முதலில் பார்ப்பது பெட்டியின் மேல் பெரிதாக அச்சிட்டிருக்கும் உருப்பெருக்க எண்ணை. 25 மடங்கா, 50 மடங்கா, 60 மடங்கா என்று. அதுதான் கடைசியாகப் பார்க்க வேண்டிய எண் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். இலக்கைப் பெரிதாகக் காட்டுவது ஸ்கோப்பின் பாதி வேலை. குறியைச் சொன்ன அளவுக்கு நகர்த்தி, சொன்ன இடத்தில் நிறுத்தி, கேட்டதும் பழைய இடத்துக்கே கொண்டுவருவது மற்றப் பாதி. நெடுந்தூரத்தில் ஆளைக் கவிழ்ப்பது இந்த இரண்டாவது பாதிதான்.

ஏன் என்று புரிய ஓர் எடுத்துக்காட்டு. .308 வின்செஸ்டர் தோட்டாவில் 175 கிரெய்ன் குண்டு. 100 கெஜத்தில் நேராகப் படும்படி ரைபிளைச் சரிசெய்தாயிற்று. அதே குறியோடு 1,000 கெஜத்தை, அதாவது 914 மீட்டரைச் சுட்டால் குண்டு குறிக்குக் கீழே 10 மீட்டர் அளவுக்கு இறங்கிவிடும். மூன்று மாடிக் கட்டட உயரம். பக்கவாட்டில் மணிக்கு 16 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசினால் இன்னும் இரண்டரை மீட்டர் அளவுக்கு ஒதுங்கும். சுடப்போகும் நடுவட்டமோ, அமெரிக்க எஃப் கிளாஸ் இலக்கில் 10 புள்ளி வளையத்தின் குறுக்களவு 10 அங்குலம், அதாவது 25 சென்டிமீட்டர். அதற்குள் இருக்கும் ‘எக்ஸ்’ வட்டம் அதில் பாதி. பத்து மீட்டர் சரிவைத் திருத்தி ஒரு சாப்பாட்டுத் தட்டுக்குள் குண்டை விழச் செய்வது ஸ்கோப்பின் மேலிருக்கும் குமிழின் பொறுப்பு.

இந்தத் திருத்தத்தை அளக்க இரண்டு அலகுகள் புழக்கத்தில் உள்ளன. ஒன்று எம்ஓஏ. ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு. (பழைய சோதிடக் கணிதத்தில் இதே அளவுக்குக் ‘கலை’ என்று பெயர். நம்மிடம் சொல் இருந்தும் கடைக்காரரிடம் கேட்டால் எம்ஓஏ என்றுதான் கேட்க வேண்டும்.) 100 கெஜத்தில் இது ஒரு அங்குலத்துக்குச் சற்று அதிகம், 1,000 கெஜத்தில் பத்தரை அங்குலம். மற்றொன்று மில். ஆயிரத்துக்கு ஒன்று என்ற கணக்கு. 100 மீட்டரில் 10 சென்டிமீட்டர், 1,000 மீட்டரில் ஒரு மீட்டர். மீட்டரில் பழகிய நமக்கு மில் எளிது. ஒரு மில் என்பது கிட்டத்தட்ட 3.44 எம்ஓஏ.

இரண்டில் எது துல்லியம் என்று இணையத்தில் சண்டை போடுவோர் உண்டு. அலகில் துல்லியம் இல்லை. ஒரு ‘கிளிக்’ எவ்வளவு நகர்த்துகிறது என்பதில்தான் இருக்கிறது. எஃப் கிளாஸ் ஸ்கோப்புகளில் எட்டில் ஒரு எம்ஓஏ கிளிக் பரவலாக இருக்கும். 1,000 கெஜத்தில் அது குறியை 33 மில்லிமீட்டர் நகர்த்தும். கால் எம்ஓஏ என்றால் 66 மில்லிமீட்டர். பிரிசிஷன் போட்டிகளில் வழக்கமான 0.1 மில் கிளிக் என்றால் 91 மில்லிமீட்டர். எக்ஸ் வட்டமே 127 மில்லிமீட்டர்தான் என்னும்போது எஃப் கிளாஸார் நுண்ணிய கிளிக்கை விரும்புவதில் வியப்பில்லை. ஆனால் எஃகுத் தட்டு சுடுபவருக்கு அதே நுண்மை தொல்லை. ஒரு தட்டிலிருந்து அடுத்ததற்கு மாற அவர் குமிழைச் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும்.

ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது. குமிழ் எந்த அலகோ, உள்ளே தெரியும் குறுக்குக்கோட்டின் அளவுகளும் அதே அலகில் இருக்க வேண்டும். கோடு மில்லிலும் குமிழ் எம்ஓஏவிலும் இருக்கும் பழைய ஸ்கோப்புகள் இரண்டாங்கைச் சந்தையில் மலிவாகக் கிடைக்கும். மலிவுக்குக் காரணம் அதுதான். உடன் சுடும் கிளப்பினர் எந்த அலகில் பேசுகிறார்கள் என்பதையும் கேட்டுக்கொள்ளலாம். பக்கத்தில் இருப்பவர் “அரை மில் இடம்” என்று காற்றுத் திருத்தம் சொல்லும்போது மனத்துக்குள் பெருக்கிக்கொண்டிருக்க நேரம் இருக்காது.

<b>வீச்சு போதுமா?</b>

ஸ்கோப்பின் வெளிக்குழலுக்குள் சிறிய உட்குழல் ஒன்று இருக்கிறது. குமிழைத் திருகினால் அந்த உட்குழல் சாய்கிறது. எதிர்ப்பக்கம் ஒரு சுருள்வில் அதைத் தாங்குகிறது. குறி நகர்வது இப்படித்தான். உட்குழல் சுவரில் இடித்தால் அதற்குமேல் குமிழ் திரும்பாது. மேல் எல்லையிலிருந்து கீழ் எல்லை வரை மொத்தம் எவ்வளவு நகரும் என்பதைத் தயாரிப்பாளர் விவரப் பட்டியலில் தருவார். விற்பனை விளம்பரங்களில் இது அநேகமாகப் பெரிய எழுத்தில் வராது.

மொத்த வீச்சு 60 எம்ஓஏ என்று வைத்துக்கொள்வோம். சாதாரணமாகப் பொருத்தினால் நடுவிலிருந்து மேலே 30தான் மிஞ்சும். மேற்சொன்ன .308 ரைபிளுக்கு 100 கெஜத்திலிருந்து 1,000 கெஜத்துக்கு ஏற 40 எம்ஓஏ அளவில் தேவை. பத்துக் குறைகிறது. போட்டி நாளன்று சுடுதளத்தில் படுத்த பிறகு இதைக் கண்டுபிடிப்பது பெரிய அவலம். இதற்கு மருந்து, முன்பக்கம் சற்றே தாழ்ந்திருக்கும்படி 20 எம்ஓஏ சாய்வோடு செய்த அடித்தண்டு. ஸ்கோப்பைச் சாய்வாக அமர்த்துவதால் கீழ்ப்பக்கம் வீணாகும் வீச்சு மேல்பக்கம் சேரும். 30 என்பது 50 ஆகும். ஸ்கோப் வாங்கும்போதே இந்தக் கணக்கைப் போட்டுவிட வேண்டும். காகிதமும் பேனாவும் போதும்.

குழலின் குறுக்களவு இங்குதான் முக்கியம். பழைய ஸ்கோப்புகள் ஓர் அங்குலம். இப்போது 30 மில்லிமீட்டர், 34 மில்லிமீட்டர். பெரிய குழல் அதிக வெளிச்சம் தரும் என்று கடைகளில் சொல்வதுண்டு. வெளிச்சத்தை நிர்ணயிப்பது முன்வில்லையும் கண்ணாடியின் தரமும்தான். பெரிய குழல் தருவது உட்குழல் அசைய இடம். நைட்ஃபோர்ஸ் நிறுவனத்தின் 34 மில்லிமீட்டர் குழலுள்ள ஏடிஏசிஆர் 5-25 ஸ்கோப்பின் மொத்த வீச்சு 120 எம்ஓஏ. அதற்கு விலை எடை. ஒரு கிலோவுக்கு மேல் போகிறது. லூபோல்டின் மார்க் 5எச்டி 35 மில்லிமீட்டர் குழல். சந்தையில் மலிந்து கிடக்கும் 34 மில்லிமீட்டர் வளையங்கள் அதற்குப் பொருந்தா. இதைத் தெரியாமல் ஸ்கோப்பையும் வளையங்களையும் தனித்தனியாக வரவழைத்தால் ஒன்றைத் திருப்பி அனுப்ப வேண்டியதுதான்.

வீச்சு இருக்கிறது என்பதற்காக எல்லைவரை திருகுவதும் நல்லதல்ல. உட்குழல் வட்டக் குழலுக்குள் இருப்பதால், மேலே போகப் போகப் பக்கவாட்டில் அசைய இடம் குறையும். காற்றுத் திருத்தம் தேவைப்படும் நாளில் அது கையைக் கடிக்கும்.

<b>சொன்னபடி நகர்கிறதா?</b>

நாற்பது எம்ஓஏ என்று குமிழ் காட்டும்போது உள்ளே உண்மையில் நாற்பது நகர்ந்ததா என்பது தனிக் கேள்வி. மூன்று விழுக்காடு பிழை இருந்தால் 1.2 எம்ஓஏ தவறு. 1,000 கெஜத்தில் அது 30 சென்டிமீட்டருக்கு மேல். எஃகுத் தட்டை முதல் குண்டிலேயே அடிக்க வேண்டியவருக்கு இதுவே தோல்வி. எஃப் கிளாஸில் கணக்கில் சேராத சோதனைச் சூடுகள் இருப்பதால் இந்த நிலையான பிழையை அங்கேயே திருத்திக்கொள்ளலாம். அவரைக் கொல்லும் பிழை வேறு: சுடும் அதிர்வில் குறுக்குக்கோடு தானே இடம் மாறுவது, ஒரு கிளிக் திருகினால் நகராமல் அடுத்த குண்டுக்குப் பிறகு நகர்வது. காற்று மாறியதா, கை நடுங்கியதா, தோட்டா சரியில்லையா என்று எல்லாவற்றையும் சந்தேகிப்பார். ஸ்கோப்பைச் சந்தேகிக்க மாட்டார்.

சோதிக்கும் முறை எளிது. 100 மீட்டரில் உயரமான காகிதம் ஒன்றை நிறுத்த வேண்டும். தூக்குக்குண்டு கட்டி நேர்க்கோடு வரைய வேண்டும். தூரத்தை நாடாவால் அளக்க வேண்டும், ஏனென்றால் 100 கெஜமும் 100 மீட்டரும் ஒன்பது விழுக்காடு வேறுபடும். கெஜத்தில் சுட்டு மீட்டரில் கணக்குப் போட்டால் நல்ல ஸ்கோப்பும் கெட்டதாகத் தெரியும். கீழே ஒரு புள்ளியில் மூன்று குண்டு. பிறகு 10 மில் ஏற்றி, அதே புள்ளியைக் குறிவைத்து மூன்று குண்டு. அவை சரியாக ஒரு மீட்டர் மேலே, கோட்டின் மீதே விழ வேண்டும். திரும்ப இறக்கிச் சுட்டால் முதல் கூட்டத்தோடு சேர வேண்டும். உயரம் பிசகினால் குமிழில் பிழை. கோட்டிலிருந்து விலகினால் ஸ்கோப் சாய்ந்து பொருத்தப்பட்டிருக்கிறது.

சாய்வை அலட்சியம் செய்பவர்கள் அதிகம். மூன்று பாகை சாய்வு கண்ணுக்கு அநேகமாகத் தெரியாது. நாற்பது எம்ஓஏ ஏற்றிய நிலையில் அதே மூன்று பாகை குண்டை 1,000 கெஜத்தில் 55 சென்டிமீட்டர் பக்கவாட்டில் தள்ளிவிடும். ஸ்கோப்பில் சிறிய மட்டக்குழாய் ஒன்றைப் பொருத்துவது மிக மலிவான திருத்தம். விலையுயர்ந்த கண்ணாடிக்குச் செலவிடுமுன் இதை வாங்கலாம். வளையத் திருகுகளைத் தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு, முறுக்குவிசை காட்டும் திருப்புளியால் இறுக்க வேண்டும். கைப்பலத்தால் இறுக்கினால் குழல் நசுங்கிவிடக்கூடும்.

<b>குறுக்குக்கோடும் கண்ணும்</b>

குறுக்குக்கோடு எந்தத் தளத்தில் இருக்கிறது என்பது அடுத்தது. முதல் குவியத்தளத்தில் இருந்தால், உருப்பெருக்கத்தைக் கூட்டும்போது கோடும் இலக்கோடு சேர்ந்து பெரிதாகும். எந்த மடங்கில் வைத்தாலும் கோட்டின் அளவுகள் உண்மையாக இருக்கும். தட்டுக்குத் தட்டு தாவிச் சுடுபவருக்கு இதுவே வேண்டும். இரண்டாம் குவியத்தளத்தில் கோடு எப்போதும் ஒரே தடிமன். அளவுகள் குறிப்பிட்ட ஒரு மடங்கில் மட்டும் சரி. ஆனால் பெரிய மடங்கிலும் கோடு மெலிதாகவே இருப்பதால் சிறு வட்டத்தை மறைக்காது. தூரம் மாறாத எஃப் கிளாஸில் அதுதான் வசதி, விலையும் குறைவு. நைட்ஃபோர்ஸ் காம்பெட்டிஷன் 15-55, வோர்டெக்ஸ் கோல்டன் ஈகிள் 15-60 போன்ற எஃப் கிளாஸ் ஸ்கோப்புகள் இரண்டாம் தளத்தில், எட்டில் ஒரு எம்ஓஏ கிளிக்கோடு, ஒரு கிலோவுக்குள் எடையோடு வருவது தற்செயல் அல்ல.

கிறிஸ்துமஸ் மரம்போல் புள்ளிகள் நிறைந்த குறுக்குக்கோடுகள் இப்போது நாகரிகம். தட்டுச் சுடுவோருக்கு அவற்றில் பயனுண்டு. காகித இலக்குக்கு ஒரு மெல்லிய கோடும் நடுவில் ஒரு புள்ளியும் போதும் என்பேன்.

பள்ளியில் அறிவியல் தமிழில் படித்தவர்களுக்கு ‘இடமாறு தோற்றப்பிழை’ நினைவிருக்கலாம். அளவுகோலைப் பக்கவாட்டில் பார்த்தால் எண் மாறித் தெரியும் அதே பிழை. இலக்கின் பிம்பமும் குறுக்குக்கோடும் ஒரே தளத்தில் விழாதபோது, தலையைச் சற்று அசைத்தாலே கோடு இலக்கின் மேல் நகர்வதுபோல் தெரியும். ரைபிள் அசையவில்லை, குறி அசைகிறது. வேட்டைக்கான ஸ்கோப்புகளில் இது 100 அல்லது 150 கெஜத்துக்கு நிலையாக அமைக்கப்பட்டிருக்கும். நெடுந்தூர ஸ்கோப்பில் இடப்பக்கம் தனிக் குமிழ் கட்டாயம் வேண்டும். அதன் மேல் அச்சிட்ட தூர எண்களை அப்படியே நம்ப வேண்டாம். தலையை மேலும் கீழும் அசைத்துப் பார்த்து, கோடு நகராத இடத்தில் நிறுத்த வேண்டும். அதற்குமுன், கண்ணருகே உள்ள வளையத்தைத் திருகிக் கோடு தெளிவாகத் தெரியும்படி ஒருமுறை அமைத்துவிட வேண்டும். வெறும் வானத்தை நோக்கிச் செய்யலாம். சூரியன் இருக்கும் பக்கம் ஒருபோதும் திரும்பக் கூடாது. மூக்குக்கண்ணாடி அணிபவர்கள் போட்டியில் அணியப்போகும் அதே கண்ணாடியோடு செய்ய வேண்டும். ஃபார்குவர்சன் நினைத்த வாடிக்கையாளர்கள் இவர்கள்தானே.

இனி உருப்பெருக்கம். முன்வில்லையின் குறுக்களவை மடங்கால் வகுத்தால் கண்ணுக்கு வந்துசேரும் ஒளிவட்டத்தின் அளவு கிடைக்கும். 56 மில்லிமீட்டர் வில்லை 25 மடங்கில் 2.2 மில்லிமீட்டர் ஒளிவட்டம் தரும். வெயிலில் நம் கண்மணி சுருங்கும் அளவும் ஏறத்தாழ அதுவே. அதே வில்லை 50 மடங்கில் 1.1 மில்லிமீட்டர்தான். படம் இருண்டு, தலையை ஊசிமுனையில் வைத்தாற்போல் வைத்திருந்தால்தான் எதுவும் தெரியும்.

அதைவிடப் பெரிய தடை கானல். சூடேறிய தரையிலிருந்து எழும் காற்று இலக்கை நீருக்கடியில் இருப்பதுபோல் நெளியவைக்கும். மடங்கைக் கூட்டினால் இலக்கோடு கானலும் பெரிதாகும். பிரிஸ்பன் வெயிலில் நண்பகலில் 50 மடங்கில் பார்ப்பவருக்குத் தெரிவது கொதிக்கும் குழம்பு. அனுபவசாலிகள் 25, 30க்கு இறக்கிவிடுவார்கள். கானல் எதிரி மட்டுமல்ல என்பதும் அவர்களுக்குத் தெரியும். அது நேராக மேலே எழுந்தால் காற்று இல்லை, அல்லது காற்று நேர் முன்னாலோ பின்னாலோ வருகிறது. ஒரு பக்கமாக ஓடினால் காற்று அந்தப் பக்கம் போகிறது. கொடியைவிட இது விரைவாகச் செய்தி சொல்லும். அதைப் படிக்கக் கண்ணாடி தெளிவாக இருக்க வேண்டும். மடங்கு மிகையாக இருக்கத் தேவையில்லை.

மடங்கு கூடினால் பார்வைப் பரப்பு சுருங்கும். பெரிய சுடுதளத்தில் இலக்குகள் வரிசையாக நிற்கும். எண் பலகை கண்ணில் படாமல் பக்கத்து இலக்கைச் சுட்டுவிடுவது எஃப் கிளாஸில் அடிக்கடி நடக்கும். அந்தக் குண்டுக்குப் புள்ளி கிடையாது. ஒரு சுற்றில் எல்லாம் பத்தாகச் சுட்டுவிட்டு, ஒன்றை அடுத்தவர் இலக்கில் போட்டுக் கோப்பையை இழப்பது நெஞ்சு பொறுக்காத இழப்பு.

<b>பணத்தை எங்கே செலவிடுவது</b>

ஸ்கோப்புக்கு ஒதுக்கிய பணம் குறைவாக இருந்தால், மடங்கில் குறைத்துக்கொண்டு நகர்வில் நம்பகமானதை எடுப்பதே புத்திசாலித்தனம். நிலையான 20 சொச்சம் மடங்கில் குமிழ் சரியாக நடக்கும் ஸ்கோப், 60 மடங்கு காட்டி இடம் மாறும் ஸ்கோப்பைவிட எந்நாளும் மேல். ஒளிரும் குறுக்குக்கோடு பகலில் காகிதம் சுடுபவருக்கு வேண்டாத செலவு. ஜப்பானின் மார்ச், ஜெர்மனியின் ஷ்மிட் அண்ட் பெண்டர் ஆகியவை சிகரத்தில் நிற்கின்றன. அங்கு நேரடியாக ஏறத் தேவையில்லை. சைட்ரான் எஸ்3 வரிசை பல கிளப்களில் நடுத்தரச் செலவில் எஃப் கிளாஸ் தொடங்குவோரிடம் காணப்படுகிறது.

இரண்டாங்கையில் வாங்குவது இந்த விளையாட்டில் இழிவல்ல. லூபோல்ட், வோர்டெக்ஸ் போன்ற நிறுவனங்களின் வாழ்நாள் உத்தரவாதம் பொருளோடு போகிறது, முதல் உரிமையாளரோடு நின்றுவிடுவதில்லை. வாங்குமுன் குழலில் வளையம் கடித்த தழும்பு உள்ளதா, குமிழ் எல்லைவரை ஒரே இறுக்கத்தில் திரும்புகிறதா, உள்ளே பூஞ்சை படிந்துள்ளதா என்று பார்க்க வேண்டும். ஈரப்பதம் மிகுந்த ஊர்களில் இருந்து வந்த கண்ணாடிகளில் பூஞ்சை புதிதல்ல. நம் ஊரில் கேமரா வைத்திருக்கும் யாரையும் கேட்டால் சொல்வார்கள்.

இதைவிட நல்லது, வாங்காமல் சில மாதம் கிளப்புக்குப் போய்வருவது. சுடும் முறை முடிந்ததும் பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டால் தம் ஸ்கோப் வழியே பார்க்கத் தயங்காமல் இடம் தருவார்கள். காலை ஒன்பது மணிக்கும் பகல் ஒரு மணிக்கும் ஒரே ஸ்கோப்பில் பார்த்தால் கடை வெளிச்சத்தில் தெரியாதது தெரிந்துவிடும்.

<b>ஊருக்குக் கொண்டுவர நினைப்போர் கவனத்திற்கு</b>

படிப்பு முடிந்து திரும்பும்போது, ரைபிளை விற்றுவிட்டு ஸ்கோப்பை மட்டும் பெட்டியில் போட்டுக்கொண்டு வரலாம், வெறும் கண்ணாடிதானே என்று தோன்றலாம். அப்படி எண்ண வேண்டாம். அமெரிக்கா ரைபிள் ஸ்கோப்பைச் சாதாரணத் தொலைநோக்கியாகக் கருதுவதில்லை. ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் வைத்திருக்கிறது. மலேசியாவின் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமும், சிங்கப்பூரின் துப்பாக்கி, வெடிபொருள், ஆயுதக் கட்டுப்பாட்டுச் சட்டமும் கடுமையானவை. பயணத்துக்கு முன்பே புறப்படும் நாட்டுச் சுங்கத்துறையிடமும், வந்திறங்கும் நாட்டுக் காவல்துறையிடமும் எழுத்துவழி கேட்டு, எழுத்துவழி பதில் வாங்க வேண்டும். பதில் வரத் தாமதமானால் ஸ்கோப்பை அங்குள்ள கிளப்பிலேயே விற்றுவிடலாம். நெடுந்தூர ஸ்கோப்புக்கு அங்கே வாங்க ஆள் எப்போதும் இருப்பார்கள்.